கோதுமை மாவும் தொகுதிக் கோடும்

2025 மார்ச் 3, கடலோரத்தான் என்ற வாசகர் கேட்டது

எம்.பி.மார் சபையில் எழும்பிக் கதைத்ததால் யாராவது ஒரு நேரச் சாப்பாட்டைப் பயமில்லாமல் சாப்பிட்டதுண்டா? ஒரு தொகுதிக் கோடு நேர்மையாக நகர்ந்ததுண்டா? உணவுச் சட்டம் என்றால் கதிரைகள் காலி. எல்லை நிர்ணயம் என்றால் ஆளாளுக்குத் தன் ஆசனக் கணக்கு. இரண்டிலும் உருப்படியாகப் பேசிய ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள். ஊர் ஆளாக இருக்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 3, இரவு, என் பதில்

ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டுக்காரர், பிரித்தானியர். ஜெஃப் ரூக்கர். பேர்மிங்ஹாம் பெரி பார் தொகுதிக்கு 1974 முதல் 2001 வரை தொழிற்கட்சி எம்.பி., அதன்பிறகு மேல்சபையான பிரபுக்கள் சபை. 1997இல் பிளேயர் அரசு வந்தபோது விவசாய அமைச்சில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சர். 2009 முதல் 2013 வரை அந்த நாட்டு உணவுத் தர முகவரகத்தின் தலைவர். இதற்கு நடுவில், 2010இலும் 2011இலும், தொகுதிகளை 650இலிருந்து 600 ஆகக் குறைக்கும் மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தது. அரசாங்கத்துக்குத் தலையிடி கொடுத்தவர்களில் இவரும் ஒருவர்.

திருகோணமலை விதானைக்கு (கிராம சேவகருக்கு) இந்த ஆளை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மகள் பெரி பாரில் இருக்கிறாள். 2011 தைப்பொங்கல் நேரம் அவளுடைய முதல் பிள்ளைப்பேற்றுக்காக நானும் மனைவியும் போயிருந்தோம். வெளியே கால் வைக்கமுடியாத குளிர். டீவியில் பாராளுமன்றச் சனலைப் போட்டால் பிரபுக்கள் இரவிரவாக இருந்து கதைக்கிறார்கள். ஜனவரி 17 பின்னேரம் தொடங்கிய அமர்வு மறுநாள் மத்தியானம்தான் முடிந்தது. கிழவர்கள் படுக்க மடக்குக் கட்டில் போட்டிருக்கிறது என்று மருமகன் சொன்னபோது நம்பவில்லை. உண்மைதான். அந்த இரவு எனக்குக் கோயில் திருவிழாவில் விடியும் வரை கூத்துப் பார்த்த ஞாபகம் வந்தது.

மார்ச் 4

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஆளைக் கொஞ்சம் தூக்கிவைத்துவிட்டேன் போல.

அமைச்சராக இருந்த காலத்தில் ரூக்கர் பேச்சு வாங்கியதுதான் அதிகம். 1997 டிசம்பரில் மாட்டுப்பைத்திய நோய்ப் பயத்தில் எலும்போடு மாட்டிறைச்சி விற்கத் தடை வந்தது. முடிவை அறிவித்தவர் மூத்த அமைச்சர் ஜாக் கனிங்ஹாம், ஆனால் உணவுப் பாதுகாப்புப் பொறுப்பு ரூக்கருடையது. இங்கிலாந்தில் அது 1999 டிசம்பரில்தான் எடுக்கப்பட்டது. அதே 1997இல் விட்டமின் பி6 மாத்திரையைப் பத்து மில்லிகிராமுக்கு மேல் கடைகளில் சும்மா விற்கக்கூடாது என்று யோசனை வைத்தார். எதை விழுங்குவது என்று அரசாங்கமா சொல்வது என்று சனம் கடிதம் எழுதித் தள்ளியது. அந்த யோசனை சட்டமாகவில்லை.

ஆகவே கடலோரத்தான், இவர் பேசி வென்றவர் என்று நான் சொல்லவரவில்லை. கிராம், மில்லிகிராம், நூற்றுக்கு எத்தனை என்று எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். கூட்டல் கழித்தலில் தேய்ந்த எனக்கு அது பிடித்துப்போயிற்று.

மார்ச் 6

"உணவு எங்கே, எல்லை எங்கே, இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழைக்கிறீர்கள்" என்று நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர். என் தம்பியின் கடைக்கு வந்தால் தெரியும்.

பஸ் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் சின்னச் சாப்பாட்டுக் கடை. ஒரு வருடம் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) உணவுக் கடைகளுக்குப் புள்ளி போடும் எச் 800 படிவத்தோடு வந்தார். குசினி, தண்ணீர்த் தாங்கி, வேலை செய்கிற பெடியன்களின் நகம், மருத்துவச் சான்றிதழ், குளிர்சாதனப் பெட்டியில் பச்சை மீனும் சமைத்த கறியும் ஒரே தட்டிலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் புள்ளி போட்டார். எல்லாம் ஓரளவு சரி. பின்பக்கக் கதவைத் திறந்தார், முடிந்தது கதை. திறந்த வாய்க்கால், நிறைய இலையான். கடைக்குக் கிடைத்தது சீ தரம்.

வாய்க்காலை மூடித்தாருங்கள் என்று கடிதம் எழுதினோம். கடை ஒரு உள்ளூராட்சிச் சபையின் எல்லைக்குள், வாய்க்கால் அடுத்த சபையின் எல்லைக்குள் என்று பதில். அடுத்த சபைக்கு எழுதினால் வாய்க்கால் எங்களுடையது, கழிவுநீர் உங்கள் பக்கத்தது என்று பதில். எட்டு மாதம் போயிற்று. இருபத்தைந்து வருடம் விதானையாக இருந்து கோடுகளைக் காவல் காத்த எனக்கே அந்தக் கோடு வாய்க்காலின் எந்தக் கரையில் ஓடுகிறது என்று சொல்லமுடியவில்லை. தம்பி சொன்னான், "அண்ணன், இலையானைப் பிடித்து எந்தச் சபை என்று கேட்டுப் பார்ப்போமா?" கடைசியில் தன் காசில் கொங்கிறீட் பலகை ஊற்றி மூடினான். அடுத்த வருடம் பீ தரம்.

மார்ச் 9

திருத்தம். நான் தனிமடலில் ஒருவருக்கு "ரூக்கர் தொகுதி எல்லைக்கு நாற்பது வீத நிபந்தனை கொண்டுவந்தார்" என்று எழுதினேன். பிழை. மகள் வாசித்துவிட்டு ஏசினாள்.

அந்த மசோதா ஒரே உறையில் இரண்டு கத்தி. ஒரு பாதி, வாக்களிக்கும் முறையை மாற்றலாமா என்ற மக்கள் தீர்ப்பு. மறுபாதி, தொகுதி எல்லை. நாற்பது வீதம் முதற் பாதிக்கு: வாக்காளரில் நாற்பது வீதம் பேராவது வந்து வாக்களித்தால்தான் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தவேண்டும் என்பது ரூக்கரின் திருத்தம். 2011 பெப்ரவரியில் பிரபுக்கள் சபையில் 219க்கு 218, ஒரே ஒரு வாக்கால் அது நிறைவேறியது. கீழ்ச்சபை தள்ளிவிட்டது. இவர்கள் மறுபடி அனுப்பினார்கள், அவர்கள் மறுபடி தள்ளினார்கள். பெப்ரவரி 16 அன்று திருத்தம் இல்லாமலே சட்டமானது.

வேடிக்கை என்னவென்றால், மே 5ஆம் திகதி வாக்களிக்க வந்தது 42.2 வீதம். நிபந்தனை இருந்திருந்தாலும் தாண்டியிருக்கும். அதற்கும் மேலே, வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் "வேண்டாம்" என்றார்கள். இத்தனை இரவு விழித்ததும் எதற்கு என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை.

மார்ச் 9, கொஞ்சம் கழித்து

எல்லைப் பாதியைச் சொல்லாமல் விட்டேன். ஒவ்வொரு தொகுதியும் சராசரியிலிருந்து ஐந்து வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது விதி. கேட்க நியாயம்தான். ஆனால் பேர்மிங்ஹாம் மாதிரி ஊரில் வட்டாரங்களே பெரியவை. வட்டாரத்தைப் பிளக்காமல் ஐந்து வீதத்துக்குள் அடக்குவது, அரிசி மூட்டையைப் பிரிக்காமல் கால் கொத்து அளப்பது போல.

இங்கிலாந்துக் கரைக்கு அருகிலுள்ள வைட் தீவின் கதை இன்னும் நல்லது. கடலுக்கு நடுவில் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் வாக்காளர். ஒரு தொகுதிக்குக் கூடுதல், இரண்டுக்குக் குறைவு. கணக்குப்படி தீவில் ஒரு துண்டைக் கரையோடு ஒட்டவேண்டும். தீவுக்காரர் குழம்பினார்கள். பிரபுக்கள் சபை தலையிட்டுத் தீவுக்கு இரண்டு ஆசனம் என்று எழுதவைத்தது. 2009இல் பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்குப் பாதையில் கடந்தவர்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத விடயம். (பாதை என்றால் ரோட்டு அல்ல, வாகனம் ஏற்றும் மிதவை. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) கோடு கீறுகிறவன் வரைபடத்தில் தண்ணீரை நீலமாகத்தான் பார்க்கிறான். வாக்குப் பெட்டியோடு ஏறி நின்று நனைந்தவனுக்குத்தான் அதன் அகலம் தெரியும்.

அந்த 600 நடக்கவே இல்லை. 2020இல் வேறு சட்டம் போட்டு 650க்கே திரும்பினார்கள். ஐந்து வீதமும் தீவின் இரண்டு ஆசனமும் தங்கின. 2024 யூலைத் தேர்தல் அந்த எல்லைகளில்தான் நடந்தது.

மார்ச் 15

"வெள்ளைக்காரன் கதை போதும், நம்முடையதைச் சொல்லுங்கள்" என்று இரண்டு பேர்.

2018 ஓகஸ்ட் 24. மாகாண சபைத் தேர்தலுக்கான எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது. தயாரித்த குழுவின் தலைவர் முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம். எதிராக 139. ஆதரவாகப் பூச்சியம். முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அப்புறம் பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு என்றார்கள், இரண்டு மாதம் என்றார்கள். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. பழைய தேர்தல் முறை 2017 சட்டத்தோடு போயிற்று, புதிய முறைக்கு எல்லை இல்லை. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8. அதன் காலம் முடிந்தது 2017 செப்டெம்பர் 30. 37 கதிரைகள். அவற்றில் பத்து நம் மாவட்டத்துக்கானவை. தூசு.

பூச்சியம் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அறிக்கையில் குறை இருந்தது, முஸ்லிம்களுக்கும் மலையகத்தாருக்கும் ஆசனம் குறையும் என்று அவர்கள் பயந்ததில் நியாயமும் இருந்தது. எதிர்த்ததில் எனக்குக் கோபமில்லை. ஆனால் 2017இல் பெண்களின் பங்கைக் கூட்டுவதற்கான மசோதா என்று கொண்டுவந்து, குழுநிலையில் தேர்தல் முறை முழுவதையும் அதற்குள் நுழைத்து, கை தூக்கியவர்களும் இதே சபைதான். அந்த ஒரு பின்னேரத்தில் நுழைத்ததை எடுக்க இத்தனை வருடம்.

மார்ச் 16

நேற்றுக் கோபத்தில் எழுதினேன். ஒரு இரண்டாம் யோசனை.

எல்லைக்கோட்டில் நம்மவர்களுக்கு உள்ள பயம் 2018இல் முளைத்ததல்ல. சுதந்திரத்துக்கு முன் பிரித்தானியா யாப்பு எழுத அனுப்பிய சோல்பரி ஆணைக்குழுக் காலத்து விதி: எழுபத்தையாயிரம் பேருக்கு ஒரு ஆசனம், அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஒரு ஆசனம். நிலத்துக்கும் ஆசனம்! நாடு முழுதும் நிலத்துக்காக 25, அதில் கிழக்குக்கு நான்கு, வடக்குக்கு நான்கு. ஆட்கள் குறைந்த காட்டுப் பக்கத்துக்கும் ஒரு குரல் கிடைக்கட்டும் என்ற எண்ணம். லண்டன்காரர் இங்கே வந்து காட்டையும் எண்ணினார்கள். அறுபது வருடம் கழித்துத் தங்கள் ஊரில் தலையை மட்டும் எண்ணினார்கள்.

நம் மாவட்டத்தில் முதலில் இருந்தவை திருகோணமலை, மூதூர் என்று இரண்டு தொகுதிகள். 1976 எல்லை நிர்ணயத்தில் சேருவில மூன்றாவதாக வந்தது. 1977 தேர்தலில் திருகோணமலையில் சம்பந்தன், மூதூரில் மஃரூப், சேருவிலவில் லீலாரத்ன. மூன்று தொகுதி, மூன்று சமூகம். கோடு எங்கே கீறுவது என்று யோசித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கீறவில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1978 யாப்போடு தொகுதிக்கு எம்.பி. என்பது போய் மாவட்டத்துக்கு நான்கு என்று ஆனது. அந்த நான்கு இன்றும் நான்குதான்.

மார்ச் 22

யாரை எண்ணுவது என்பதுதான் என் வாழ்நாள் வேலை. வாக்காளரைப் பதியும் பீ.சி. படிவத்தைக் கட்டாகச் சுமந்துகொண்டு வீடுவீடாக. ஆள் வெளிநாடு, ஆள் முகாம், ஆள் வேலைக்குக் கொழும்பு, ஆள் இருக்கிறார் ஆனால் தாய் ஒளிக்கிறாள்.

2006இல் நம் மாவட்டத்துச் சம்பூர்ச் சனம் போரால் இடம்பெயர்ந்து, 2015இல் காணி விடுவிக்கப்பட்டுத்தான் திரும்பத் தொடங்கியது. நடுவில் முகாமில் இருந்தவர் எந்த ஊர் வாக்காளர்? இடம்பெயர்ந்தோருக்காக 2013இல் தனிச் சட்டமே போடவேண்டி வந்தது. ஆசனம் பங்கிடுவது பதிவான வாக்காளர் தொகையை வைத்து. பெயர் விடுபட்டால் ஒருவருடைய வாக்கு மட்டும் போவதில்லை, மாவட்டத்தின் கதிரையும் ஆடும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010இல் ஒன்பது, 2024இல் ஆறு.

2011இல் அந்த நீண்ட இரவுகளில் தொழிற்கட்சிப் பிரபுக்கள் சொன்னதும் இதுதான்: பட்டியலில் இல்லாத இலட்சக்கணக்கானோரை விட்டுவிட்டுப் போடுகிற சமன்பாடு சமன்பாடா? சோபாவில் போர்வைக்குள் இருந்த எனக்கு அந்த இடத்தில் நித்திரை போய்விட்டது. பக்கத்து அறையில் மகள் வேறு காரணத்துக்காக விழித்திருந்தாள்.

மார்ச் 23

குதிரை இறைச்சியை மறந்துவிட்டீர்களா என்று கேட்டவருக்கு: மறக்கவில்லை. 2013 ஜனவரியில் மாட்டிறைச்சி என்று விற்றதில் குதிரை இருந்தது, கண்டுபிடித்தது அயர்லாந்து. ரூக்கர் அப்போது முகவரகத் தலைவர். ஆனால் குதிரை தின்று ஒருவருக்கும் வயிற்றோட்டம் வரவில்லை. அது விற்பனை மோசடி, லேபல் பொய். 2010இல்தான் இங்கிலாந்தில் லேபல் கொள்கையை முகவரகத்திடமிருந்து பிடுங்கி அமைச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். மறுபடியும் வாய்க்காலும் இரண்டு சபையும். பாரைக் கருவாடு என்று வாங்கி வீட்டில் ஊறவைத்த பிறகு வேறு முகம் பார்த்தவர்கள் நம் சந்தையிலும் உண்டு.

ஏப்ரல் 2

முக்கியமானதை இதுவரை எழுதவில்லை. போலிக் அமிலம் (folic acid), பி வகை விட்டமின் ஒன்று.

கருவில் முதுகெலும்பு மூடாமல் போகிற குறை. பிள்ளை உருவான முதல் நான்கு கிழமைக்குள், தாய்க்கே தெரியாத நேரத்தில் நடந்து முடிந்துவிடும். 1991இல் பிரித்தானியாவின் மருத்துவ ஆராய்ச்சிச் சபை நடத்திய ஆய்வு வெளிவந்தது: ஏற்கெனவே அப்படி ஒரு பிள்ளை பிறந்த தாய்மாருக்குப் போலிக் அமிலம் கொடுத்தால் மறுபடி வருவது 72 வீதம் குறைகிறது. மாத்திரை மலிவு. சிக்கல் என்னவென்றால், கர்ப்பம் என்று தெரிந்து மாத்திரை தொடங்கும்போது பெரும்பாலும் பிந்திவிடும். ஆகவே எல்லாரும் தின்கிற மாவில் போடு என்றார்கள். அமெரிக்கா 1998இல் கட்டாயமாக்கியது. ஆய்வு செய்த பிரித்தானியா செய்யவில்லை.

2007இல் முகவரகத்தின் சபை கட்டாயமாக்கச் சொன்னது. அரசு இழுத்தது. ரூக்கர் முகவரகத்தை விட்டு வந்த பிறகு பிரபுக்கள் சபையில் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கேள்வி, விவாதம், தனிநபர் மசோதா, மறுபடி கேள்வி. ஒவ்வொரு அமைச்சராக மாறினார்கள், கேள்வி மாறவில்லை. நம் ஊர்க் கந்தோரில் ஓய்வூதியக் கோப்புக்காக ஒரே கதிரையில் வந்து இருப்பார்களே, அப்படி. 2021 செப்டெம்பரில் அரசு சம்மதித்தது. 2024 நவம்பரில் ஒழுங்குவிதி. தவிட்டோடு அரைத்த மாவைத் தவிர்ந்த கோதுமை மாவுக்கு 100 கிராமுக்கு 250 மைக்ரோகிராம். அமுலுக்கு வருவது 2026 டிசம்பர்.

1991இலிருந்து 2026. எண்ணிக்கொள்ளுங்கள். இதில் ரூக்கர் மட்டுமல்ல, ஆய்வை நடத்திய நிக்கலஸ் வோல்ட், பாதிக்கப்பட்ட குடும்பங்கள், இன்னும் பலர். ஆனாலும் சபைக்குள் ஒருவர் விடாமல் நிற்காவிட்டால் அமைச்சுகளுக்கு மறந்துவிடும்.

மகளிடம் அன்று பேர்மிங்ஹாம் கிளினிக்கில் முதலில் கேட்டது போலிக் அமிலம் எப்போது தொடங்கினாய் என்று. "கல்யாணம் முடிந்த கையோடு, திருகோணமலையில் மிட்வைஃப் அக்கா தந்தா" என்றாளாம். தாதி ஆச்சரியப்பட்டாளாம். இந்தக் கதையை மனைவி இன்றுவரை ஊருக்கெல்லாம் சொல்கிறாள், ஒவ்வொரு தடவையும் தாதியின் ஆச்சரியம் கொஞ்சம் கூடுகிறது.

ஏப்ரல் 4

"நம்மிடம் இப்படி ஒன்றுமே இல்லையா?" உண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நல்ல சட்டம். அதன் கீழ் 2016 ஓகஸ்டில் இனிப்புப் பானங்களுக்கு நிறப் பொட்டு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. தம்பியின் குளிர்சாதனப் பெட்டி அந்த மாதம் அம்மை போட்ட மாதிரி இருந்தது. விற்பனை குறைந்ததா என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைகள் சிவப்புத்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள் அண்ணன், வடிவாம்."

2021 சித்திரை வருடப் பிறப்புக்கு முன் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் (பூஞ்சை நஞ்சு) என்று வந்த பீதியும் ஞாபகம். கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அந்த வருடம் எங்கள் வீட்டில் பலகாரம் முழுக்கச் செக்கு எண்ணெயில். செலவு இரட்டிப்பு. ருசியும்தான்.

மே 6

உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்துவிட்டு வந்தேன். எனக்கு ஒரு வட்டாரம், மதிலுக்கு அந்தப் பக்கம் மச்சானுக்கு வேறு வட்டாரம். இந்த வட்டார எல்லைகள் 2015இல் வர்த்தமானியில் வந்தவை. கீறும் காலத்தில் எனக்குப் பின் வந்த விதானைப் பெடியன் வரைபடத்தை எங்கள் விறாந்தையில் விரித்து, "ஐயா, இந்த ஒழுங்கை எங்கே முடிகிறது?" என்று கேட்டான். ஒழுங்கை முடிகிற இடத்தில் இருந்த புளியமரத்தைச் சொன்னேன். மரம் விழுந்து பல வருடம் என்றான். கோடு எங்கள் மதிலில் வந்து நின்றது. இதில் என் பங்கும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வட்டார முறையால் 2018இல் நாடு முழுதும் உள்ளூராட்சி உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எட்டாயிரத்துக்கு மேல் போயிற்று. குறைக்கவேண்டும் என்று அடுத்த குழு, அடுத்த அறிக்கை. இன்றைக்கும் பழைய வட்டாரத்தில்தான் வாக்கு.

மே 9

கடலோரத்தான் இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறார். ரூக்கரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "தம்பியின் கடை எங்கே, சாப்பிட வரலாமா?"

வரலாம். பீ தரச் சான்றிதழ் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் மச்சம் இல்லை.